மணாலி – லே பைக் பயணம்: மூட்டை கட்டும்போதே நடக்கும் தவறுகள்

மணாலியிலிருந்து லே வரை டென்ட் போட்டுத் தங்கியபடி போக நினைப்பவர்கள் பைக்கை சர்வீஸ் விடுவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட சாமான் ஏற்றுவதில் காட்டுவதில்லை. வழியில் படும் பாட்டில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பாரத்தை உயரத்தில், பின்னால் குவிப்பது. கேரியர் பின்சக்கர அச்சைத் தாண்டி நீண்டிருக்கும். டூல்ஸ், தண்ணீர், அடுப்பு எல்லாவற்றையும் அதன்மேல் ஒரே பையாகக் கட்டினால் முன்சக்கரத்தில் பாரம் குறையும். நேர்ச்சாலையில் வேகமெடுத்தால் ஹேண்டில்பார் ஆடும். வழியில் வரும் காட்டா லூப்ஸ் மலைப்பாதையின் 21 கொண்டையூசி வளைவுகளில் வண்டி நினைத்த கோட்டில் திரும்பாது. பனி உருகி சாலையின் குறுக்கே ஓடும் தண்ணீரைக் கடக்கையில் லேசாகச் சாய்ந்தாலும் காலூன்றித் தாங்க முடியாது. கனமானவை சேடில் பேக்கின் (இருக்கையின் இரு பக்கமும் தொங்கும் பை) அடியில், இருக்கையை ஒட்டி முன்பக்கமாக இருக்கட்டும். ஸ்லீப்பிங் பேக், மாற்றுத்துணி போன்ற லேசானவை மட்டும் கேரியருக்கு. இரு பக்கப் பைகளையும் நிறுத்துப் பார்த்துச் சமப்படுத்துங்கள். மொத்தப் பாரம் மேனுவலில் உள்ள வரம்பைத் தாண்டினால் எதையாவது வீட்டில் வைத்துவிட்டுப் போவதே வழி.

பாரம் ஏறியதும் பின் ஷாக் அப்சார்பரின் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, கூட்ட வேண்டும். இல்லையென்றால் பின்பக்கம் தணிந்து ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். டயர் காற்றும் பின்னால் ஒருவரை ஏற்றிப் போவதற்கான அளவில் இருக்க வேண்டும்.

கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றை மட்டும் நம்பாதீர்கள். குண்டுகுழியில் அது இழுபட்டுக்கொண்டே இருப்பதால் பை மெல்ல நகர்ந்து சைலன்சரில் போய் உட்காரும். பை உருகி ஓட்டை விழும். பக்கிள் வைத்த நாடாப் பட்டைகள்தான் சரி. மீந்த நுனியைச் சுருட்டிக் கட்டுங்கள், தொங்கினால் செயினில் சிக்கும். கிளம்பி 20 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி இறுக்கிவிடுங்கள். பை அமுங்கி பட்டை தளர்வது அதற்குள் தெரிந்துவிடும்.

ஸ்போக் சக்கர வண்டிக்கு ட்யூப்லெஸ் பஞ்சர் கிட் வாங்கிச் செல்பவர்கள் நிறைய. ட்யூப் உள்ள டயரில் அது உதவாது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்குக்கு முன்சக்கரம் 21 இன்ச், பின்சக்கரம் 17 இன்ச். இரண்டுக்கும் ஒவ்வொரு ட்யூப், டயர் லீவர், பம்ப் வேண்டும். கழற்றி மாட்ட வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

வழியில் ‘தாண்டி’ என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில் ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்ற பலகை இருக்கும். அங்கே டேங்கை நிரப்பி, கூடுதலாக 5 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பாரத்தோடு ஏற்றத்தில் போகும்போது ஊரில் கிடைத்த மைலேஜ் கிடைக்காது. குளிர்பான பாட்டிலில் பெட்ரோல் பிடிக்கவே கூடாது: உயரம் கூடக் கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் உள்ளே இருக்கும் ஆவி வெளியே தள்ளி மூடி வழியே கசியும். அதற்கென்றே உள்ள கேனில், கழுத்து வரை நிரப்பாமல், சாப்பாட்டுப் பைக்கு எதிர்ப்பக்கம் கட்டுங்கள்.

வழியில் டென்ட் போட்டுத் தங்கும் சர்ச்சு ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் வேகாது. நனைத்தாலே போதும் என்பதால் அவல் நல்ல துணை. அடுப்புக்கான வெறும் பியூட்டேன் கேஸ் கேன், குளிர் பூஜ்ய டிகிரியை நெருங்கினால் எரியத் திணறும். புரொப்பேன் கலந்ததை வாங்குங்கள். குளிருக்குப் பயந்து டென்டுக்குள் அடுப்பு மூட்டுவது உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது பார்க்க வேண்டியது அதில் போட்டிருக்கும் ‘கம்ஃபர்ட்’ வெப்பநிலை அளவு. ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் தப்பும் கணக்கு மட்டுமே. உடம்புக்கு அடியில் பஞ்சு நசுங்கிவிடும், தரைக்குளிரைத் தடுப்பது பாய்தான். அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். முதல் இரவே சர்ச்சுவில் தங்கவும் வேண்டாம். சுமார் 3,200 மீட்டரில் உள்ள ஜிஸ்பா உடம்பு பழக ஏற்றது.

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். பைக்கை ரயில் பார்சலில் அனுப்புவதானால் டேங்க் காலியாக இருக்க வேண்டும், கேஸ் கேனை ரயிலில் கொண்டுபோக முடியாது. அதைப் போய்ச் சேர்ந்த இடத்தில் வாங்குங்கள்.

ரெயின் கோட்டும் டென்டும் மற்ற பைகளை அவிழ்க்காமல் கைக்கு வரும்படி மேலாக இருக்கட்டும். மழையிலும் இருட்டிலும்தான் அவை தேவைப்படும். கிளம்பும் முன் ஒரு வாரக் கடைசியில், முழு மூட்டையோடு ஏலகிரி போன்ற வளைவுள்ள மலைக்குப் போய், டார்ச் வெளிச்சத்தில் கையுறையோடு டென்டைப் போட்டு, மறுநாள் காலையில் எல்லாம் அதே பைக்குள் திரும்ப அடங்குகிறதா என்று பாருங்கள்.