ஆன்லைன் உலகத்துக்குள் போய்ப் பார்த்து விமர்சனம் எழுதுவது எப்படி?

கிராஃபிக்ஸ் சூப்பர், கதை சுமார், லேக் அடிக்குது. பல பேர் சேர்ந்து ஆடும் கேம்களுக்கு வரும் விமர்சனம் பெரும்பாலும் இந்த மூன்றோடு முடிந்துவிடுகிறது. தனியாக ஆடும் கேமுக்கு அது போதலாம். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நடமாடும் உலகத்தில் கம்பெனி என்ன விதி போட்டிருக்கிறது, அந்த விதியை வைத்துக்கொண்டு ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

பழகுவதற்கு ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப், ஆல்பியன் ஆன்லைன் இரண்டும் தோதானவை. ஆண்ட்ராய்டு போனிலேயே ஓடும், காசு கட்டாமல் நுழையலாம். ஏற்கெனவே கணக்கு இருந்தாலும் விமர்சனத்துக்குப் புதுக் கணக்கு தொடங்குங்கள். பழைய கணக்கில் இருக்கும் ஆயுதமும் நண்பர்களும் உலகத்தின் பாதிக் குறையை மறைத்துவிடும்.

முதலில் லேக்கை, அதாவது நாம் தட்டியதற்கும் திரையில் அது நடப்பதற்கும் இடையே வரும் தாமதத்தை, தனியாகப் பிரிக்க வேண்டும். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். ஆகவே 100 கி.மீ. தூரம் போய்த் திரும்ப 1 மில்லி விநாடி. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,900 கி.மீ.; பிங், அதாவது சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், 29 மில்லி விநாடிக்குக் கீழே இறங்கவே இறங்காது. கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து பார்த்தால் இதைவிடக் கூடத்தான் காட்டும். ஐரோப்பா சர்வர் என்றால் 7,000 கி.மீ.க்கு மேல். பூமி அவ்வளவு பெரிசாக இருப்பதற்குக் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

அந்தத் தாமதத்தை கேம் எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் எழுத வேண்டிய விஷயம். ரூன்ஸ்கேப் 0.6 விநாடிக்கு ஒரு முறைதான் கணக்குப் பார்க்கிறது. 150 பிங்கிலும் நிம்மதியாக ஆடலாம். ஆல்பியனில் அடி விழும் நொடியில் விலக வேண்டும், அங்கே அதே 150 உயிரை வாங்கும். ஆல்பியனில் நுழையும்போதே ஆசியா சர்வரைத் தேர்ந்தெடுங்கள், அது சிங்கப்பூரில் இருக்கிறது. ஒரு சர்வரில் உருவாக்கிய கேரக்டர் இன்னொன்றில் இருக்காது.

சராசரி பிங்கைவிட ஏற்ற இறக்கம்தான் ஆட்டத்தைக் கெடுக்கும். சீராக 90 என்றால் கை பழகிவிடும். 40க்கும் 300க்கும் குதித்தால் பழகவே பழகாது. பென்னாகரம், அஞ்செட்டி மாதிரி மலையோரப் பக்கங்களில் போன் 4ஜிக்கும் 5ஜிக்கும் மாறி மாறித் தாவுவதால் இப்படி ஆகலாம். செட்டிங்ஸில் 4ஜி மட்டும் என்று வைத்துப் பாருங்கள். மொபைல் டேட்டா, வீட்டு ஃபைபர் இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தடுமாறினால் மட்டும் சர்வர் மேல் பழி போடலாம்.

நேரமும் ஏமாற்றும். நமக்கு இரவு 10 மணி என்றால் லண்டனில் குளிர்காலத்தில் மாலை 4.30. அங்கே கூட்டம் கூடும் இரவு 8 மணி நமக்கு நடுராத்திரி 1.30. காலை 6 மணிக்கு எட்டிப்பார்த்துவிட்டு 'செத்த கேம்' என்று எழுதாதீர்கள். வார நாள் மாலை ஒரு தடவை, ஞாயிறு ஒரு தடவை, நடுராத்திரி ஒரு தடவை போய்ப் பார்த்தால் போதும்.

முதல் பத்து மணி நேரம் நிஜக் காசு செலவழிக்க வேண்டாம். எந்த நிமிடத்தில் முதல் தடவை காசு கேட்டது, முதல் தடவை செத்தது எதனால், நிஜ மனிதர் யாராவது எப்போது பேசினார் என்று மட்டும் குறித்து வையுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பத்து மணி நேரம் கழித்தும் பதில் இல்லையென்றால் பாதி விமர்சனம் அங்கேயே கிடைத்துவிட்டது. ஸ்கிரீன் ரெக்கார்டிங் 8 எம்பிபிஎஸ் வேகத்தில் மணிக்கு 3.6 ஜிபி தின்னும், 4 எம்பிபிஎஸ் போதும்.

அடுத்தது சந்தை. இதற்கு அதிக நேரம் கொடுங்கள். பாலக்கோடு மார்க்கெட்டில் வரத்து கூடினால் தக்காளி விலை சரிவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். அரக்கனைக் கொன்றால் காசு, மரம் வெட்டினால் கட்டை என்று கேம் உள்ளே காசும் பொருளும் கொட்டிக்கொண்டே இருக்கும். அது எங்கே போய் ஒழிகிறது? பொருளுக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் தக்காளி மாதிரி விலை சரியும். காசுக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் விலைவாசி ஏறும், புதிதாக வருபவர் எதையும் வாங்க முடியாது. ரூன்ஸ்கேப் 2021 டிசம்பரில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற தன் பொதுச் சந்தையில் நடக்கும் விற்பனைக்கு 1 சதவீத வரி போட்டது இதற்காகத்தான். வசூலில் ஒரு பகுதியைக் கொண்டு சில பொருட்களை வாங்கி அழிக்கவும் செய்கிறார்கள். ஆல்பியனின் சிவப்பு, கறுப்பு மண்டலங்களில் இன்னொருவர் கையால் செத்தால் போட்டிருப்பது மொத்தமும் போகும், அதில் சிலது நொறுங்கி உலகத்தை விட்டே மறையும். கொடூரமாகத் தெரியும் அந்த விதிதான் அங்கே கொல்லரின் பிழைப்பை ஓட்டுகிறது. இதைப் பார்க்காமல் 'அநியாயம்' என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

செய்ய வேண்டியது: ஒரு மூலப்பொருள், அதில் செய்த ஒரு பொருள், ஒரு அரிய பொருள் என மூன்றை எடுத்து, இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் விலை குறியுங்கள். செய்த பொருள் மூலப்பொருளைவிட மலிவாக விற்றால், ஆட்கள் லாபத்துக்காக இல்லாமல் லெவல் ஏற்றவே செய்து தள்ளுகிறார்கள் என்று பெரும்பாலும் அர்த்தம். ரூன்ஸ்கேப்பில் இலவசப் புதுக் கணக்கு சில பொருட்களை விற்க முடியாது. பக் (கேமில் உள்ள பிழை) என்று நினைக்காதீர்கள், ஆளுக்குப் பதிலாகத் தானாக ஆடும் பாட் புரோகிராம்களின் கூட்டத்தைத் தடுக்கப் போட்ட வேலி அது.

ஆட்களைப் பார்க்க ரிச்சர்ட் பார்ட்டில் 1996இல் சொன்ன நான்கு வகை இன்னும் உதவும்: சாதிப்பவர், சுற்றிப் பார்ப்பவர், பழக வருபவர், அடிக்க வருபவர். 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கிய முதல் மட் (பலர் சேர்ந்து எழுத்திலேயே ஆடும் கேம்) உலகத்தை அவரோடு சேர்ந்து உருவாக்கியவர் இவர். யார் எந்த வகை என்று முத்திரை குத்துவதைவிட, ஒரு வகை பெருகினால் எந்த வகை ஓடிப்போகிறது என்று பாருங்கள். விதியை மீறி ஆட்கள் எங்கே போவார்கள் என்பதற்கு 2005 செப்டம்பரில் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் நடந்தது நல்ல உதாரணம். ஹக்கார் என்ற அரக்கனின் ரத்த நோய் அவன் இருக்கும் பகுதிக்குள்ளேயே நிற்க வேண்டியது. வேட்டைக்காரர்களின் வளர்ப்பு மிருகங்கள் வழியாக நகரத்துக்குள் வந்தது. சிலர் குணப்படுத்த ஓடினார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். தொற்றுநோய் ஆய்வாளர்களே பிறகு அதைப் பற்றி எழுதினார்கள்.

நம் பக்கத்துக்கென்று ஒரு சோதனை இருக்கிறது. ஓசூர்ப் பக்கத்து அணிகளின் வாய்ஸ் சாட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து ஓடும். சாட்டில் 'கொடு' என்று தட்டிப் பாருங்கள். ஒற்றைக்கொம்பும் காலும் பிரிந்து நிற்கிறதா, வெறும் கட்டமாக வருகிறதா? ஆங்கில எழுத்தில் தட்டப்படும் தமிழ்க் கெட்ட வார்த்தை ஃபில்டரில் மாட்டுகிறதா? நீங்களே திட்டிப் பார்க்கக் கூடாது. யாராவது திட்டினால் ரிப்போர்ட் கொடுத்து, பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டில் மற்றவர் பெயரை மறைத்துவிடுங்கள். குரலைச் சொல்லாமல் பதிவு செய்யாதீர்கள், எதிரே இருப்பது பள்ளிப் பிள்ளையாக இருக்கலாம். வெளியாளிடம் காசு கொடுத்து கேம் தங்கம் வாங்கிப் பார்க்கும் சோதனையும் வேண்டாம், கணக்கு போய்விடும்.

எழுதும்போது 'கில்டுகள் (ஆட்டக்காரர் குழுக்கள்) அராஜகம்' என்று விடாதீர்கள். 'சுரங்கத்துக்கு ஒரே வாசல் என்பதால் ஆறு பேர் நின்றாலே மறித்துவிடலாம். அதனால் இரவு 9 மணிக்கு மேல் தனி ஆள் உள்ளே போவதில்லை' என்று எழுதினால் விதி, நடத்தை, விளைவு மூன்றும் வந்துவிட்டன. மேலே சர்வர், வெர்ஷன், ஆடிய தேதிகள், போனா கம்ப்யூட்டரா என்று ஒரு வரி போடுங்கள். அடுத்த அப்டேட்டில் அந்தச் சுரங்கத்துக்கு இரண்டாவது வாசல் வந்துவிடலாம்.