பழைய வலைப்பூவைத் தூசி தட்டி ஆட்சென்ஸ் பணம் வரை: இனிஷியல் விஷயத்தில் உஷார்

முகநூல் வந்ததும், கூகுளின் இலவச வலைப்பூத் தளமான பிளாகரைக் கைவிட்ட பலர் மறுபடி எழுத வருகிறார்கள். அன்று தமிழ்ப் பதிவுகளுக்கு ஆட்சென்ஸ் (நம் பதிவில் விளம்பரம் காட்டி, அதில் பங்கு தரும் கூகுள் சேவை) கிடையாது. 2018 பிப்ரவரியில்தான் தமிழைச் சேர்த்தார்கள். அதனால் அன்று சும்மா எழுதியதற்கு இன்று காசு வரும். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், தமிழ் விளம்பரங்களுக்கு விலை கம்மி.

1. முதலில் பழைய மின்னஞ்சலில் உள்ளே நுழையுங்கள். இரண்டு வருடம் தொடாத கூகுள் கணக்கை நீக்கலாம் என்று 2023இல் விதி வந்துவிட்டது. இதைத் தள்ளிப்போடவே கூடாது.

2. ஒட்டடை அடியுங்கள். திரட்டிகளின் (பல வலைப்பூக்களின் பதிவுகளை ஓரிடத்தில் காட்டிய தளங்கள்) ஓட்டுப்பட்டை, புதுப் பதிவுகளை மின்னஞ்சலில் அனுப்பி இப்போது செத்துப்போன ஃபீட்பர்னர் பெட்டி எல்லாவற்றையும் தூக்குங்கள். வார்ப்புருவுக்கு (பக்கத்தின் வடிவமைப்பு, டெம்ப்ளேட்) பிளாகரே தருவது போதும். இலவசமாக இறக்கும் வார்ப்புருக்களின் அடியில் யாருடைய லிங்க் ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. முதல் வருடம் வேர்ட்பிரஸ், ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகை இடம்) என்று செலவு வேண்டாம். தட்டச்சுக்கு கணினியில் தமிழ்99, போனில் ஜிபோர்டு.

3. ‘என்னைப் பற்றி’, தொடர்பு, தனியுரிமைக் கொள்கை என மூன்று பக்கங்கள் போடுங்கள். வேறு எங்கிருந்தோ எடுத்துப் போட்டதை அழியுங்கள். பிறகு ஆட்சென்ஸுக்கு விண்ணப்பம்.

4. பெயர். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்புக்கில் ‘கே. முருகேசன்’, பான் அட்டையில் ‘முருகேசன் கந்தசாமி’, ஆதாரில் ‘முருகேசன் கே’ என்று இருந்தால் மூன்றும் நமக்கு ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். அடையாளச் சரிபார்ப்புக்கு அட்டையில் இருக்கிற பெயர் வேண்டும், பணம் வர வங்கிக் கணக்கில் இருக்கிற பெயர் வேண்டும். ஒன்றுக்குச் சரி செய்தால் இன்னொன்று இடிக்கும். அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே வங்கிக் கிளைக்குப் போய், பான் நகலோடு கேஒய்சி (வாடிக்கையாளர் விவரம்) படிவம் கொடுத்து, பாஸ்புக்கில் பெயரை விரித்து எழுத வையுங்கள். பாஸ்புக்கில் புதுப் பெயர் அச்சாகி வந்த பிறகு, அதே எழுத்துக்கூட்டலை ஆட்சென்ஸில் போடுங்கள்.

5. பத்து டாலர் சேர்ந்ததும், முகவரியைச் சரிபார்க்க கூகுள் அனுப்பும் ஆறு இலக்க பின் எண் சாதாரணத் தபாலில் வரும். பதிவுத் தபால் இல்லை, எங்கே வருகிறது என்று பார்க்க வழியில்லை. முகவரியை ஆங்கிலத்தில் போடுங்கள். பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். வராவிட்டால் மறுபடி கேட்கலாம், ஆனால் நாலு மாதத்துக்குள் எண்ணைப் போடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும்.

6. நூறு டாலர் தாண்டினால் அடுத்த மாதம் 21 முதல் 26 தேதிக்குள் அனுப்புவார்கள். அதற்குள் அமெரிக்க வரிப் படிவத்தையும் நிரப்பிவிடுங்கள். அது ஆன்லைனிலேயே முடியும் வேலை.

பின்சேர்க்கை: வெளிநாட்டுப் பணம் வங்கிக்கு வர ஸ்விஃப்ட் கோடு என்ற வங்கி அடையாளக் குறியீடு வேண்டும். “எங்க கிளைக்கு ஸ்விஃப்ட் கோடே இல்லையாம்” என்று சிலர் எழுதியிருந்தீர்கள். சின்னக் கிளைகளுக்குப் பெரும்பாலும் இருக்காது. அந்நியச் செலாவணி பார்க்கும் பெரிய கிளையின் கோடைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், கணக்கு எண் உங்களுடையதே. “இது என்ன பணம்?” என்று வங்கியில் கேட்டால், ‘இணைய விளம்பர வருமானம்’ என்று எழுதிக் கொடுங்கள். வருமான வரிக் கணக்கிலும் இதைக் காட்ட வேண்டும்.