லத்தீன் கவிதையில் டேலோஸ் தீவைத் தேடிப் படிப்பது எப்படி?

கிரேக்க, ரோமானியக் கடவுள் அப்பல்லோ பிறந்த டேலோஸ் தீவை அந்தப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் முக்கியமான இடங்கள் கைநழுவும். ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ஈனியட் காவியத்தில் மூன்றாம் காண்டம் 73ஆம் வரியிலிருந்து வரும் தீவு வருணனையில் பெயரே கிடையாது. கடல் நடுவே உள்ள புனித நிலம் என்றுதான் இருக்கும். அங்கிருந்து கிளம்பும்போது, 124ஆம் வரியில், "ஒர்டிகியா துறைமுகத்தை விட்டோம்" என்கிறான் காவிய நாயகன் ஈனியாஸ். டேலோஸ் என்ற பெயரைப் பார்க்க நான்காம் காண்டம் 144ஆம் வரிக்குப் போக வேண்டும்.

ஆகவே முதலில் நோட்டில் மூன்று பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்: ஆஸ்டீரியா, ஒர்டிகியா, டேலோஸ். மூன்றையும் கோக்கும் கதை புராணக் கதைகளைத் தொகுத்த ஹைஜினஸின் லத்தீன் நூலில் இருக்கிறது. ஜூபிடரின் ஆசைக்கு இணங்காத ஆஸ்டீரியா காடையாக்கப்பட்டுக் கடலில் எறியப்பட, அங்கே தீவு தோன்றுகிறது. கிரேக்கத்தில் 'ஒர்டிக்ஸ்' என்றால் காடை. 'டேலோஸ்' என்றால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது.

அடுத்தது அடைமொழிகள். சேர்வராயன் மலையில் சாமிக்கும் மலைக்கும் ஒரே பெயர். பழனியப்பன் என்றால் முருகன் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கண்ணோடு படியுங்கள். டேலியுஸ், சிந்தியுஸ் என்றால் அப்பல்லோ. சிந்தியா என்றால் அவன் இரட்டைச் சகோதரி டயானா. சிந்துஸ் அந்தத் தீவின் குன்று. ஆனால் திபுல்லுஸின் டேலியாவும் புரோபெர்டியுஸின் சிந்தியாவும் அந்தக் கவிஞர்களின் காதலிகள். தேடலில் அவர்களும் வந்து விழுவார்கள், பிரித்து வையுங்கள்.

இலக்கணத்தில் பலரும் தடுக்குவது வேற்றுமையில். சிறு தீவின் பெயருக்கு லத்தீனில் முன்னிடைச்சொல் வேண்டாம்: 'டேலும்' டேலோஸுக்கு, 'டேலோ' டேலோஸிலிருந்து, 'டேலி' டேலோஸில். சொல்லின் முடிவைப் பார்த்து ஆண்பால் என்று எண்ணிவிடாதீர்கள், அது பெண்பால். பெர்சியஸ் இணைய நூலகத்தில் சொல்லைத் தொட்டால் வேற்றுமை தெரியும்.

ஒர்டிகியா கண்ணில் பட்டால் நின்று கவனியுங்கள். சிசிலியின் சிராகூஸிலும் ஒர்டிகியா உண்டு. ஓவிதின் மெட்டமார்ஃபசிஸ் ஐந்தாம் காண்டம் 640இல் நீரூற்றாக மாறிய தேவதை அரெத்தூசா வந்து சேர்வது அங்கேதான். பக்கத்து வரிகளில் அப்பல்லோ, டயானா இருவரின் தாய் லடோனாவோ சிந்துஸோ இருந்தால் டேலோஸ். அரெத்தூசா இருந்தால் சிசிலி.

கதைகளை ஒன்றாகக் கலக்காதீர்கள். சேலம் என்ற பெயருக்குச் சைலம் என்றும் சேரலம் என்றும் இரண்டு விளக்கம் சொல்கிறோம், ஆனால் இரண்டையும் ஒட்டி மூன்றாவதாக ஒன்று செய்வதில்லை. வெர்ஜிலில் மிதந்த தீவை மிகோனோஸ், கியாரோஸ் என்ற தீவுகளோடு கட்டி நிறுத்துவது அப்பல்லோ. கதுல்லுஸ் 34ஆம் பாடலில் டயானா பிறப்பது ஒலிவ மரத்தடியில். ஓவித் ஆறாம் காண்டம் 335இல் லடோனா பனையினம், ஒலிவம் இரண்டிலும் சாய்ந்திருக்கிறாள். நோட்டில் ஒவ்வொரு கவிஞருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

தொடங்க நல்ல இடம் ஓவிதின் அந்த ஆறாம் காண்டமே, 333ஆம் வரி. அலையும் டேலோஸ் லடோனாவின் வேண்டுதலை ஏற்றது என்னும்போது ஓவித் 'விக்ஸ்' என்கிறார்: அரைமனதாக, அரிதாகத்தான். ஒற்றை அசைச் சொல். மொழிபெயர்ப்பில் அது விடுபட்டால் இடமின்றி அலைந்த தாயின் தவிப்பும் அதோடு போய்விடும்.