நீள மூக்கு டிரக்கா, ஏரோ டிரக்கா: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீண்டு நிமிர்ந்த ஹூட், இரு பக்கமும் பளபளக்கும் ஏர் கிளீனர், கேபினுக்குப் பின்னால் உயரும் இரட்டைப் புகைக்குழாய். வட அமெரிக்காவில் சொந்தமாக வண்டி எடுக்க நினைக்கும் ஓட்டுநர்கள் பலர் ஆசைப்படுவது இப்படிப்பட்ட கென்வொர்த் டபிள்யூ900, பீட்டர்பில்ட் 379, 389 வண்டிகளுக்குத்தான். இன்னொரு பக்கம் ஃபிரைட்லைனர் காஸ்கேடியா, கென்வொர்த் டி680, பீட்டர்பில்ட் 579, வால்வோ விஎன்எல் போன்ற சரிந்த மூக்கு ஏரோ வண்டிகள். எந்த டிரெய்லர், எந்த ரூட், என்ன வேகம், ஆண்டுக்கு எத்தனை மைல் என்பதை முடிவு செய்யாமல் டீலரிடம் போய் நிற்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

பலர் மாதத் தவணையைப் பார்க்கிறார்கள், டீசலை அதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. சமதள நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்தில் போகும்போது சக்கரத்துக்கு வந்து சேரும் சக்தியில் ஏறக்குறைய பாதி காற்றைத் தள்ளவே செலவாகிறது. வேகம் கூடினால் காற்றுத்தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்திலும், அதை வெல்லத் தேவையான குதிரைசக்தி மும்மடிப் பெருக்கத்திலும் ஏறும். 53 அடி பெட்டி டிரெய்லரோடு நீள மூக்கு வண்டி கேலனுக்கு 6 மைலும், ஏரோ வண்டி 7.5 மைலும் தருவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,00,000 மைல் ஓடினால் முதல் வண்டிக்கு 16,667 கேலன், இரண்டாவதற்கு 13,333 கேலன். கேலன் 4 டாலர் என்றால் வித்தியாசம் ஆண்டுக்கு 13,000 டாலருக்கு மேல். நீள மூக்கு வண்டிக்கு மறுவிற்பனையில் நல்ல விலை கிடைக்கும் என்பது உண்மைதான். அந்தக் கூடுதல் விலையையும் ஐந்து ஆண்டு டீசல் வித்தியாசத்தையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். ஆண்டுக்கு 40,000 மைல்தான், அதுவும் குறைந்த வேகத்தில் என்றால் கணக்கு நீள மூக்கு வண்டிக்குச் சாதகமாகத் திரும்பலாம்.

ஏரோ வண்டி வாங்கி 75-ல் பறப்பவர்களும் உண்டு. 55 மைலுக்கு மேல் கூடும் ஒவ்வொரு மைல் வேகத்துக்கும் கேலனுக்கு 0.1 மைல் குறையும் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு. மூக்கின் வடிவத்துக்காகக் கொடுத்த பணம் ஆக்ஸிலரேட்டரில் போய்விடும்.

கூரை உயரத்தைக் கவனிக்காமல் வாங்குவதும் பரவலாக நடக்கிறது. உயரக் கூரை ஸ்லீப்பர் (கேபினோடு சேர்ந்த படுக்கை அறை) 13 அடி 6 அங்குலப் பெட்டி டிரெய்லருக்காக வடிவமைத்தது. அதே வண்டியில் ஃபிளாட்பெட்டோ (சுவரில்லாத தட்டை டிரெய்லர்) டேங்கரோ இழுத்தால், பின்னால் மறைக்க எதுவும் இல்லாத நிலையில் கூரையே காற்றுக்குக் குறுக்கே சுவராக நிற்கும். அந்த வேலைக்கு நடுத்தரக் கூரை வண்டி எடுங்கள்.

அடுத்தது கேபினுக்கும் டிரெய்லருக்கும் நடுவே காற்று புகுந்து தடை கூட்டும் இடைவெளி. ஏரோ வண்டி வாங்கியும் மைலேஜ் வரவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. டிரெய்லரை மாட்டியபின் கேபினின் பின்பக்கத்திலிருந்து டிரெய்லர் முன்சுவர் வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். இடைவெளி அதிகமென்றால் ஃபிஃப்த் வீலை (டிரெய்லரை மாட்டும் வட்டத் தட்டு) முன்னே நகர்த்தலாம். நகர்த்தியபின் யார்டில் மெதுவாக முழுத் திருப்பம் திருப்பி, டிரெய்லரின் முன்மூலை ஸ்லீப்பர் ஃபேரிங்கில் (காற்றை வழுக்கிவிடும் மூடுபலகை) இடிக்கிறதா, லேண்டிங் கியர் (டிரெய்லரின் முன் தாங்குகால்) பின் டயரிலோ மட்கார்டிலோ தட்டுகிறதா என்று இறங்கிப் பாருங்கள். ரீஃபர் (குளிர்பதன டிரெய்லர்) என்றால் குளிரூட்டும் யூனிட் முன்னே துருத்தி நிற்கும், அதற்கும் இடம் விட வேண்டும். முன்னே நகர்த்தும் ஒவ்வொரு படிக்கும் ஸ்டியரிங் ஆக்சில் மேல் பளு ஏறும். எடைமேடையில் ஏற்றி ஸ்டியரிங் ஆக்சிலில் ஏறக்குறைய 12,000 பவுண்டு, டிரைவ் ஆக்சில்களில் 34,000 பவுண்டு தாண்டாமல் இருப்பதை உறுதி செய்தபிறகே ரோட்டில் இறங்குங்கள்.

கனடாவில் ஓட்டுபவர்கள், குறிப்பாக டொராண்டோ, பிராம்ப்டன் பக்கத்திலிருந்து எல்லை கடந்து லோட் எடுக்கும் நம்மவர்கள், வீல்பேஸை (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்) பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது. அமெரிக்காவில் 1982-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், முக்கிய நெடுஞ்சாலைகளில் டிராக்டர்-டிரெய்லரின் மொத்த நீளத்துக்கு மாநிலங்கள் வரம்பு போடுவதை நிறுத்தியது. 280 அங்குல வீல்பேஸும் பெரிய ஸ்லீப்பரும் அங்கே சாதாரணமாக ஓடுவது அதனால்தான். கனடாவில் 53 அடி டிரெய்லர் இழுக்கும் டிராக்டருக்குப் பொதுவான வீல்பேஸ் வரம்பு 6.2 மீட்டர், அதாவது 244 அங்குலம். மொத்த நீளம் 23 மீட்டர். டெக்சாஸில் மலிவாகக் கிடைத்த நீள மூக்கு வண்டியைக் கொண்டுவந்து, முதல் எடைச்சாவடியிலேயே மாட்டிக்கொள்ளும் ஆபத்து நிஜமானது. முன் ஆக்சில் நடுவிலிருந்து இரண்டு பின் ஆக்சில்களின் மத்தி வரை நீங்களே அளந்து, உங்கள் மாகாண விதியோடு ஒப்பிடுங்கள்.

பழைய வண்டி மோகத்துக்குக் கலிபோர்னியா தடை போடும். பீட்டர்பில்ட் 379-இன் உற்பத்தி 2007-இல் முடிந்தது. 2023 ஜனவரி 1 முதல் அந்த மாநிலத்தில் ஓடும் கனரக டீசல் வண்டிகளில் அநேகமாக எல்லாவற்றுக்கும் 2010 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் எஞ்சின் வேண்டும். கேட்டர்பில்லர் சி15 எஞ்சினோடு இருக்கும் அழகான 379, லாங் பீச் துறைமுக லோடுக்கு உதவாது. 2000-க்கு முந்தைய மாடல் எஞ்சினுக்கு மின்னணு லாக்புக் (ஓட்டும் நேரத்தைப் பதியும் கருவி) விலக்கு உண்டு என்பதற்காக மிகப் பழைய வண்டியைத் தேடுபவர்களும், போக முடியாத ரூட்களால் இழக்கும் வருமானத்தைச் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டியைக் கழற்றிவிட்ட வண்டியைத் தொடவே தொடாதீர்கள். அது கூட்டாட்சிச் சட்ட மீறல், திரும்பப் பொருத்தும் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

“பழைய வடிவம், ரிப்பேர் சுலபம்” என்ற நம்பிக்கை புது வண்டிக்குப் பாதிதான் பொருந்தும். அண்மைக்கால 389-இல் கம்மின்ஸ் எக்ஸ்15 எஞ்சின் இருந்தால், அதே டிபிஎஃப், புகையைச் சுத்திகரிக்கும் அதே டெஃப் திரவம், அதே சென்சார் தொல்லை எல்லாம் அதிலும் இருக்கும். வித்தியாசம் உடம்பில்தான். தட்டையான இரு துண்டுக் கண்ணாடி உடைந்தால் ஒரு பாதியை மட்டும் மாற்றலாம், வளைந்த முழுக் கண்ணாடிக்குச் செலவு அதிகம். ஏரோ வண்டியின் பிளாஸ்டிக் பம்பரும் பக்கவாட்டு ஃபேரிங்கும் ஒரு மான் மோதினாலே சிதறிவிடும், பனிக்கட்டிகளிலும் உடையும். வடக்கு ஒன்டாரியோ போன்ற ரூட் என்றால் முன்கார்டு செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பார்வை மறைவை ஓட்டிப் பார்த்துத்தான் அறிய முடியும் என்றில்லை. இருக்கையில் உட்கார்ந்து, ஒருவரை வலது முன்சக்கரத்துக்கு அருகே ஒரு கூம்பை வைக்கச் சொல்லி, அது கண்ணில் படும்வரை நகர்த்தச் சொல்லுங்கள். தூரத்தை அளந்து, இரண்டு வண்டிகளிலும் ஒப்பிடுங்கள். தினமும் நகரத்துக் குறுகிய சரக்கு இறக்கும் டாக்குகளில் பின்னெடுப்பவருக்கு நீள மூக்கு நாள் முழுக்கச் சுமையாகிவிடும்.

கால்நடை, லோபாய் (தாழ்தள டிரெய்லர்), அகல உயர இயந்திர லோடு என்றால் நீள மூக்கு வண்டிக்கு உரிய இடம் உண்டு. அங்கே லோடே காற்றைத் தடுப்பதால் மூக்கைச் சரித்துக் கிடைக்கும் லாபம் சிறிது. பெரிய ரேடியேட்டர், 15 லிட்டர் எஞ்சின், 18 கியர் எல்லாம் மலைப்பாதையில் பயன்படும்.

பெரிய கம்பெனி விற்றுவிட்ட ஏரோ வண்டியை அதே வேலைக்கு வாங்குவது இதற்கு நேர்மாறான தவறு. அவற்றில் பலவற்றில் 13 லிட்டர் எஞ்சினும், நெடுஞ்சாலையில் குறைந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் சுழற்சி வேகம்) ஓடுவதற்கான 2.5-ஐ ஒட்டிய பின் ஆக்சில் விகிதமும் இருக்கும். கனமான ஃபிளாட்பெட் லோடோடு ராக்கி மலை ஏற்றத்தில் அது திணறும், கிளட்சும் சீக்கிரம் தேயும். வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் அந்த பிராண்ட் டீலர் பில்ட் ஷீட் (தயாரிப்பு விவரத்தாள்) எடுத்துத் தருவார். ஆக்சில் விகிதம், வீல்பேஸ், சஸ்பென்ஷன் தாங்கும் எடை எல்லாம் அதில் இருக்கும். அதோடு எஞ்சின் கணினியிலிருந்து ஐடில் மணிநேர (ஓடாமல் நின்றபடி எஞ்சின் இயங்கிய நேரம்) அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.