பவர் ரேஞ்சர்ஸ் பாணியில் டைனோசர் பெயர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிடித்த சூப்பர்ஹீரோ தொடரை வைத்து இல்லாத டைனோசர்களுக்குப் பெயர் சூட்டி விளையாடுவதற்கு, 1993-இல் தொடங்கிய பவர் ரேஞ்சர்ஸ் தொடரைப் போல வாகான தொடர் வேறில்லை. அதன் முதல் பருவத்தில், ரேஞ்சர்கள் எனப்படும் நாயகர்களில் முதல் ஐவரும் உருமாறும்போது தமக்குரிய பழங்கால விலங்கின் பெயரைத்தான் உரக்கக் கூவுவார்கள். ஆயினும், அதைப் பார்த்து உருவாக்கப்படும் பெயர்களில் பெரும்பாலானவை ஒருமுறை சிரிப்பூட்டியதும் மறந்துபோகின்றன. அவற்றில் ரேஞ்சர் இருக்கிறாரே தவிர விலங்கு இல்லை என்பதே காரணம்.

கதாபாத்திரத்தின் பெயரை எடுத்து அதன் வாலில் ‘சாரஸ்’ என்று ஒட்டிவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ‘ஜேசனோசாரஸ்’ என்று கேட்டால் சிவப்பு ரேஞ்சரான ஜேசன் நினைவுக்கு வருகிறார். அந்த விலங்குக்குக் கொம்பு உண்டா, அது ஓடுமா, எதைத் தின்னும் என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. உண்மையான டைனோசர் பெயர்களில் பல, உடலைப் பார்த்துச் சூட்டப்பட்டவை: டிரைசெராடாப்ஸ் என்றால் மூன்று கொம்பு முகம், பேக்கிசெஃபலோசாரஸ் என்றால் தடித்த தலைப் பல்லி. பின்னதன் மண்டையோட்டுக் கூரை 20 செ.மீ.க்கும் மேல் தடித்த குவிமாடம் போன்றது. ரேஞ்சர்களின் அடையாளமே தலைக்கவசம் என்பதால், இந்த இனத்தைச் சேர்ந்த கற்பனை விலங்குக்கு ‘ரேஞ்சரோசெஃபேல்’ என்று பெயரிட்டால் தொடரும் விலங்கும் ஒரே சொல்லில் பொருந்திவிடும். அதேபோல், ‘மைமஸ்’ என்ற ஈறு பாவனை செய்வதைக் குறிக்கும். கோழியைப் போன்றது என்ற பொருளில்தான் கேலிமைமஸ் என்ற பெயர் வந்தது. வேடம் பூண்டு திரியும் நாயகர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஈறு கிடைப்பது அரிது என்பேன். கம்பீரமாக ஒலிக்கிறது என்பதற்காக, இலை தின்னும் சாதுவான விலங்குக்கு, பறித்துச் செல்வதைக் குறிக்கும் ‘ராப்டர்’ என்ற ஈற்றைச் சேர்ப்பதும், கொம்பே இல்லாததற்கு ‘செராடாப்ஸ்’ சேர்ப்பதும் விவரம் தெரிந்த பிள்ளைகளிடம் செல்லாது.

இனி, தொடரே விரித்து வைத்திருக்கும் வலை ஒன்று உண்டு. டைரனோசாரஸ், மாஸ்டடான், டிரைசெராடாப்ஸ், வாள்பல் புலி, டெரோடாக்டில் என்று ரேஞ்சர்கள் கூவும் ஐந்தில் டைனோசர்கள் இரண்டே. மாஸ்டடான் யானையின் உறவினம். வாள்பல் புலி பூனைக் குடும்பத்தைச் சேர்ந்தது. டெரோடாக்டில் டைனோசர்களோடு வாழ்ந்த பறக்கும் ஊர்வன வகை. பறவைகள் நீங்கலாக ஏனைய டைனோசர்கள் அழிந்தது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு; மாஸ்டடானும் வாள்பல் புலியும் பனியுகத்தில் மனிதர்கள் கண்டவை. ஆகவே மஞ்சள் ரேஞ்சரான டிரினிக்கு ஒரு டைனோசரைச் சூட்ட விரும்பினால், அவருடைய புலியை அப்படியே எடுக்காமல், கோரைப்பல் துருத்திய உண்மையான டைனோசரான ஹெட்டிரோடான்டோசாரஸைப் போன்ற ஒன்றைக் கற்பனை செய்துகொள்வது நல்லது.

அறிவியல் பெயர் இரண்டு சொற்களால் ஆனது; அதன் இரண்டாவது சொல்லில் வரும் பிழை சிறியது, ஆனால் உறுத்துவது. அந்தச் சொல்லில் ஆணைச் சிறப்பிக்க ‘இ’ என்றும் பெண்ணைச் சிறப்பிக்க ‘ஏ’ என்றும் இலத்தீன் ஈறு வரும். இசைக்கலைஞர் மார்க் நாப்ஃளரின் பெயரால் 2001-இல் ஒரு டைனோசர் மசியாகாசாரஸ் நாப்ஃளரி ஆனது. இளஞ்சிவப்பு ரேஞ்சரான கிம்பர்லிக்கோ ‘கிம்பர்லியே’ என்றுதான் வர வேண்டும்.

ஈறே இல்லாமலும் பெயர் நிற்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரேசிலில் கிடைத்த ஊனுண்ணி ஒன்றுக்கு ஆய்வாளர்கள் 2018-இல் மார்வெல் வில்லனின் பெயரைத் தழுவி, எந்த ஈறும் சேர்க்காமல், முதல் சொல்லாகத் ‘தானோஸ்’ என்றே சூட்டினர். ஐந்து ரேஞ்சர்களையும், அவர்களுடைய இயந்திர விலங்குகள் ஒன்றுசேர்ந்து உருவாகும் ராட்சத ரோபோவான மெகாஸார்டையும் ஒரே பெயருக்குள் திணித்து ஒன்பது அசை நீளச் சொல்லை உருவாக்குபவர்கள் இதைக் கவனிக்கலாம். உருமாறும் காட்சியில் ஒரே மூச்சில் கூவ முடியாத பெயர் அந்தத் தொடருக்கு உரியதே அல்ல.

கடைசியாக, பெயர் ஏற்கெனவே வேறு விலங்குக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்க்காமல் விடுவது. விளையாட்டுக்கு இது கட்டாயமில்லை, ஆனால் அறிவியலில் இதற்கு மன்னிப்பு இல்லை. 1969-இல் சின்டார்சஸ் என்று பெயர் பெற்ற டைனோசரின் பெயர், 1869-இலேயே ஒரு வண்டுக்குச் சூட்டப்பட்டிருந்தது. அதைக் கண்டுபிடித்த பூச்சியியலாளர்கள் 2001-இல் டைனோசருக்கு மாற்றுப் பெயராக வைத்தது மெகாப்னோசாரஸ், அதாவது ‘செத்துப்போன பெரிய பல்லி’.