ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ‘நமக்கு நாமே’ திட்டத்தில் நிதி வாங்குவது எப்படி?

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை. சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களுக்கு உட்கார இடம் போதாது. பாதிப் பேர் வேப்பமரத்தடியில் நிற்பார்கள், மழை வந்தால் மருந்து கொடுக்கும் சன்னலோரம் ஒண்டிக்கொள்வார்கள். ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கத் தவித்ததைப் பார்த்த அன்று, இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நாங்கள் நாலைந்து பேர் முடிவெடுத்தோம். இப்போது அங்கே காத்திருப்புக் கூடம் இருக்கிறது. போன வழியை அப்படியே எழுதுகிறேன்.

சுருக்கமாகத் திட்டம் இதுதான்: ஒரு பொதுப்பணிக்கு ஆகும் செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால், மீதியைத் தமிழக அரசு போடும். 1997-ல் தொடங்கியது. 2011-ல் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது, 2021-22-ல் மறுபடியும் பழைய பெயரோடு வந்தது. அலுவலகத்தில் மூத்தவர் யாராவது ‘தன்னிறைவா?’ என்று கேட்டால் குழம்ப வேண்டாம். ஊரகப் பகுதியில் அனுமதி கொடுப்பவர் மாவட்ட ஆட்சியர், கோப்பு நகர்வது மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில்.

முதலில் மருத்துவரிடம் போங்கள்

என்ன வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யக்கூடாது. நாங்கள் சுற்றுச்சுவர் கட்டலாம் என்ற நினைப்போடு போனோம். மருத்துவ அலுவலரும் செவிலியரும்தான், கர்ப்பிணிகள் உட்காரக் கூடமும் பக்கத்திலேயே ஒரு கழிப்பறையும் இருந்தால் போதும் என்றார்கள். இது தேவை என்று மருத்துவ அலுவலரிடம் ஒரு தேவைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் மாவட்ட சுகாதார அலுவலரிடம், அந்த இடத்தில் கட்ட ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம். கட்டப்போவது சுகாதாரத் துறையின் வளாகத்தில் என்பதால் இதை வாங்காமல் அடுத்த மேசைக்குப் போகாதீர்கள்.

கிராம சபைத் தீர்மானமும் இருந்தால் மனுவுக்குப் பலம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். தீர்மானத்தின் நகலை அந்த வாரமே கையில் வாங்கிவிடுங்கள்.

மதிப்பீடு: நாங்கள் இடறிய இடம்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

ஊர் கொத்தனார் நாலரை லட்சம் ஆகும் என்றார். மூன்றில் ஒரு பங்கு ஒன்றரை லட்சம். வீடு வீடாகப் போய், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் கேட்டு, இரண்டு மாதத்தில் சேர்த்துவிட்டோம். அதற்குப் பிறகுதான் ஒன்றிய அலுவலகத்துக்கே போனோம். ஒன்றியப் பொறியாளர் போட்ட மதிப்பீடு ஆறு லட்சம். அவர் தப்பாகப் போடவில்லை. அரசு மதிப்பீடு பொதுப்பணித் துறை விலைப்பட்டியலின்படிதான் போடப்படும். ஜிஎஸ்டி சேரும், சக்கர நாற்காலிக்கான சாய்தளம் சேரும், மண்ணுக்கு ஏற்ப அடித்தளத்தின் ஆழமும் மாறும். எங்கள் பங்கு இரண்டு லட்சமாகிவிட்டது. ‘ஒன்றரை போதும்னுதானே சொன்னீங்க?’ என்று கேட்டவர்களிடம் மறுபடி போய் ஐம்பதாயிரம் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லி மாளாது. ஒரு பாட்டி நூறுநாள் வேலைச் சம்பளத்திலிருந்து இரண்டாவது தடவையும் இருநூறு ரூபாய் கொடுத்தார். வாங்கவே மனசு வரவில்லை.

ஆகவே வரிசை இதுதான்: தேவைக் கடிதம், இடத்துக்கான ஆட்சேபணையின்மைக் கடிதம், பொறியாளர் மதிப்பீடு, அதற்குப் பிறகு வசூல். மதிப்பீடு கைக்கு வருமுன் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் இரண்டு பேர் இருப்பார்கள், ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, இன்னொருவர் கிராம ஊராட்சிகளுக்கு. உங்கள் கோப்பு யாரிடம் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வசூல்

ஒருவருடைய ஜிபே எண்ணுக்குப் பணம் வாங்குவதை நான் ஏற்கவே மாட்டேன். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்ற கூட்டுக் கணக்கு, எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம், தினமும் இரவு வாட்ஸ்அப் குழுவில் அன்றைய வரவுப் பட்டியலின் படம். இந்த மூன்றும் போதும், எக்செல் எல்லாம் தேவையில்லை. பணத்தை யார் பெயரில் வரைவோலையாக எடுக்க வேண்டும் என்பதை அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். வாய்வழியாகக் கேட்டு எடுத்து, எங்கள் ஓலையை ஒரு முறை திருப்பிவிட்டார்கள்.

மனு

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டு கட்டாயம். மாவட்டத்துக்கு அந்த ஆண்டு வந்த நிதி தீர்ந்துவிட்டால் உங்கள் முறை தள்ளிப்போகும், அதனால் ஏப்ரல், மே மாதங்களிலேயே கொடுப்பது நல்லது. மூன்று மாதமாகப் பதிலே இல்லையென்றால் கோபப்பட்டுப் பயனில்லை. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கோப்பின் நிலையைக் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நாங்கள் அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

நிர்வாக அனுமதி வந்த பிறகு ஒப்பந்தப்புள்ளி கோரி வேலை நடக்கும். நம் பங்கு பாதியோ அதற்கு மேலோ இருந்தால், வேலையை நாமே எடுத்துச் செய்ய விதியில் இடமுண்டு. பெரிய நன்கொடையாளர் கிடைத்தால் இதைக் கேட்டுப் பாருங்கள், தரம் நம் கண்முன்னால் இருக்கும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு எழுதியவர்கள் கிளப்பிய சில விஷயங்கள்.

ஒருவர் ஆறு லட்சத்தை ஒன்றரை, நாலரை என்று பிரித்திருந்தார். அரசு தரும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு என்று நினைத்துவிட்டார். அப்படியில்லை, மொத்த மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு: நம்முடையது இரண்டு, அரசுடையது நாலு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் பகுதியென்றால் ஐந்தில் ஒரு பங்கே போதும். இதை நான் முதலில் எழுதாமல் விட்டது தவறு.

இன்னொருவர் ஊரில் மருத்துவமனை நிலத்தை ஐம்பது வருடத்துக்கு முன் ஒரு குடும்பம் வாய்வார்த்தையாகக் கொடுத்திருக்கிறது, பட்டா இன்னும் அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே இருக்கிறது. மதிப்பீட்டுக்கு முன்பே அரசின் இணைய சேவைத் தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் அ-பதிவேட்டைப் பார்த்துவிடுங்கள்.

குழாய் ஒழுகுகிறது, மின்விசிறி ஓடவில்லை, நாற்காலி இல்லை என்று எழுதியவர்களுக்கு: இதற்கெல்லாம் நமக்கு நாமே வேண்டாம். தேசிய நலவாழ்வு இயக்கத்தின் நெறிமுறைப்படி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு 1.75 லட்சம் ரூபாய் வரை ‘அன்டைட் ஃபண்ட்’, அதாவது இன்ன செலவுக்குத்தான் என்று கட்டிவைக்காத நிதி, உண்டு. அதைச் செலவிட முடிவெடுப்பது நோயாளர் நலச் சங்கம். அடுத்த கூட்டம் எப்போது என்று மருத்துவரிடம் கேட்டு, அதற்கு முன்னால் கோரிக்கையை எழுதிக் கொடுங்கள்.