மலைக்குள் வாழ்பவர்கள்: ஜெர்மன் நாட்டார் கதைகளைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் சறுக்கல் "பாதாள லோகம்" என்ற சொல்லிலேயே நேர்கிறது. அதலம் தொடங்கிப் பாதாளம் வரை ஏழடுக்காக விரியும் உலகம் ஜெர்மன் கதைகளில் கிடையாது. அங்கே மலைக்கு மலை தனிக் குடியிருப்பு. ஜெர்மனியின் துரிங்கியாப் பகுதியில் ஹோர்செல் மலைக்குள் காதல் தெய்வமான வீனஸின் அரண்மனை. வடக்கே பழைய புதைமேடுகளுக்குள் "உன்டர்இர்டிஷே" எனப்படும் சிறு மனிதர்கள். மலையின் பெயரை விட்டுவிட்டுக் கதை சொன்னால் கதைக்கு வேரே இருக்காது.

எல்லோரையும் "குள்ளர்" என்று ஒரே கூடையில் போடுவது இதைவிடப் பெரிய தவறு. ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களின் "பெர்க்மோன்ஷ்", அதாவது மலைத் துறவி, ராட்சத உருவம் கொண்டவர். விளக்கில் எண்ணெய் குறைந்து தவித்த இரு தொழிலாளருக்குத் தன் பெரிய விளக்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தார்; அவர்கள் அதை வெளியில் சொன்னதும் அந்த எண்ணெய் தீர்ந்துபோனது. வாய் திறந்தால் வரம் போய்விடும் என்பதுதான் இக்கதையின் உயிர். சுருக்கும்போது பலர் வெட்டுவதும் அதைத்தான்.

கோபோல்ட் பெரும்பாலும் அடுப்படியில் குடியிருக்கும் வீட்டு ஆவி. சுரங்கத்திலும் அதே பெயர் உலவியது, அதற்குக் காரணம் உண்டு. சாக்சனியில் வெள்ளி கிடைக்கும் என்று நம்பி வறுத்த சில தாதுக்கள் வெள்ளியும் தரவில்லை, ஆர்சனிக் நச்சுப்புகையையும் கக்கின. கோபோல்ட் வெள்ளியைத் திருடிவிட்டது என்றார்கள் தொழிலாளர்கள். 1730களில் ஸ்வீடனின் கேயோர்க் பிரான்ட் அந்தத் தாதுவில் புதிய உலோகத்தைக் கண்டறிந்தார்; கோபால்ட் என்ற பெயர் அந்த ஆவியுடையது. செம்பு நிறம் காட்டிச் செம்பு தராத "குப்ஃபர்நிக்கல்" தாதுவும் இப்படித்தான். 1751இல் அதிலிருந்து நிக்கல் வந்தது. ஆகவே இவற்றை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளாதீர்கள். நச்சுப்புகை உண்மை, செத்தவர்களும் உண்மை.

கிஃப்ஹாய்சர் மலைக்குள் உறங்கும் பேரரசர் முதலிலிருந்தே பார்பரோசா, அதாவது முதலாம் பிரடெரிக், என்று எழுதுவதும் பிழை. பார்பரோசா 1190இல் சிலுவைப்போர் வழியில் ஆற்றில் மூழ்கி இறந்தார். உறங்கும் அரசர் கதை முதலில் 1250இல் இறந்த அவருடைய பேரன் இரண்டாம் பிரடெரிக்கைச் சுற்றியே வளர்ந்தது. தாத்தாவின் பெயர் பின்னால் ஏறியது. 1817இல் ரூக்கெர்ட் எழுதிய கவிதை அதை ஊரறியச் செய்தது.

நிபெலுங்கன் என்ற பழைய ஜெர்மன் காவியத்தில் குள்ளன் ஆல்பெரிக்கிடமிருந்து வீரன் சீக்ஃபிரீட் பறிப்பது "டார்ன்காப்பெ". இன்றைய ஜெர்மனில் காப்பெ என்றால் தொப்பி, ஆனால் அந்தக் காலத்தில் அது உடலை மூடும் மேலங்கி. அணிந்தவரை மறைப்பதோடு பன்னிரண்டு ஆள் பலமும் தரும். "மாயத் தொப்பி" என்று மொழிபெயர்த்திருந்தால் திருத்திவிடுங்கள்.